சிறைக்குப் போகாத டாக்டர்

டாக்டர் சுந்தரராஜனின் வாழ்க்கையில் எல்லாம் அததற்கான நேரத்தில் நடந்தது. திருச்சியில் பள்ளி, மதுரையில் மருத்துவப் படிப்பு, பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம், லண்டனில் வேலை, ஒரே மகள். டூட்டிங்கிலிருந்து சட்டன் போகிற வழியில், ரயில் பாலத்தைத் தாண்டியதும் வரும் சிவப்புச் செங்கல் கட்டடம் அவருடைய சர்ஜரி; நம் ஊரில் கிளினிக் என்பார்கள். அந்த வட்டாரத்துக் குடும்ப மருத்துவர் என்றால் அவர்தான். கைராசிக்காரர், நிதானமானவர், ஒருவரையும் கடிந்து பேசாதவர் என்று பெயர்.

வேலை அதிகமாகி, கூட ஒரு டாக்டர் தேவைப்பட்ட வருஷத்தில்தான் யாக்கோப்பு வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நரைத்த தாடி, தோளில் ஒரு துணிப்பை. அப்போதுதான் பயிற்சி முடித்தவர் என்று நம்பவே முடியவில்லை.

"நடுவுல ரொம்ப வருஷம் காலியா இருக்கே. எங்க இருந்தீங்க?" என்று விண்ணப்பத்தைப் பார்த்தபடி கேட்டார் சுந்தரராஜன்.

"கொஞ்சக் காலம் உள்ளுக்க இருந்தனான். மிச்சக் காலம் பெற்றோல் ஸ்டேஷன்லயும் ஆஸ்பத்திரியிலயும் நிண்டனான்."

"உள்ளன்னா, வீட்டுக்குள்ளயா? உடம்பு சரியில்லையா?"

யாக்கோப்பு சிரித்துவிட்டார். "இல்லை டொக்டர். சிறைக்குள்ள."

மன்னாரில் ஒரு மீனவக் கிராமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மருத்துவம் படிக்கப் போனவர் அவர். மூன்றாம் வருஷத்தில் கூட்டாளிகள் சிலரோடு சேர்ந்து மாணவர் பத்திரிகை ஒன்று நடத்தினார். ரோனியோ அச்சுப்பொறியில் உருட்டிய நாலு பக்கம். தமிழருக்கு அவர்களுடைய மண் வேண்டும் என்று அதில் எழுதியதற்காக ஒரு விடியற்காலையில் விடுதியிலிருந்து பிடித்துப் போனார்கள். விசாரணை இல்லாமல் மூன்று வருஷம் சிறை. கத்தோலிக்க மேற்றிராணியார் தலையிட்டு வெளியே எடுத்தபோது, நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் பேச்சு. இருபத்தைந்து வயதில், ஒரு பையோடு லண்டனில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினார். பிறகு, தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் வருஷத்திலிருந்து மருத்துவத்தை மறுபடி படித்தார்.

சுந்தரராஜன் இதையெல்லாம் கேட்டு நெகிழ்ந்துபோனார். அங்கேயே வேலையைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் மனத்தில் கள்ளமே இல்லை. கஷ்டப்பட்ட மனிதனுக்குக் கை கொடுத்தோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய் மனைவி வேதவல்லியிடம் சொன்னார். "பாவம், ரொம்ப அடிபட்டவர்." தான் உயரத்திலிருந்தும் அவர் பள்ளத்திலிருந்தும் பேசிக்கொள்கிற வரையில் அந்த நிறைவு நீடித்தது.

அதைக் கலைத்தவர் தவநாயகி அம்மாள். எழுபதை நெருங்கிய யாழ்ப்பாணத்துப் பெண்மணி. மூட்டுவலி, சர்க்கரை, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் பதினைந்து வருஷமாகச் சுந்தரராஜனிடம்தான் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அறைக் கதவு திறந்திருந்தது. வரவேற்பில் அவர் சொன்னது நன்றாகக் கேட்டது.

"என்னை எங்கட டொக்டரிட்ட விடு பிள்ளை."

"சுந்தரராஜன் டாக்டரா அம்மா?"

"இல்லையடி. எங்கட டொக்டர். யாக்கோப்புத் தம்பி."

அந்த 'எங்கட' சுந்தரராஜனின் நெஞ்சில் மீன்முள் மாதிரி போய்ச் செருகிக்கொண்டது. பதினைந்து வருஷம் பார்த்தவர் யாரோ, வந்து ஆறு மாதமானவர் எங்கட! ஒரே ஊர்ப் பேச்சு, அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் அடுத்த மாதம் போலந்துக்காரக் கிழவர் ஒருவரும் யாக்கோப்பைத்தான் கேட்டார். பிறகு இரண்டு ஜமைக்காக்காரச் சகோதரிகள். யாக்கோப்பின் அறைக்குள் போகிறவர்கள் சீக்கிரம் வெளியே வருவதில்லை. உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்கும். சில நாள் அழுகையும் கேட்கும். சுந்தரராஜனின் அறையில் கீபோர்டின் சத்தம் மட்டும்தான்.

வைத்தியத்தில் யாக்கோப்பு தன்னைவிடக் கெட்டிக்காரர் இல்லை. அது சுந்தரராஜனுக்கு நிச்சயமாகத் தெரியும். கேஸ் சிக்கலானால் யாக்கோப்பே எழுந்து வந்து, "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று கூப்பிடுவார். இவர் போய்ப் பார்த்துச் சொல்லுவார். நோயாளி யாக்கோப்புக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

வீட்டிலும் இதே கதை. யாக்கோப்பின் மனைவி பிறேமினிக்கும் வேதவல்லிக்கும் நல்ல சிநேகிதம் பிடித்துப்போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே வேதவல்லி சொன்னாள்.

"பிறேமினி அவருக்காக ஒன்பது வருஷம் காத்துக்கிட்டு இருந்தாளாம். ஜெயில்ல இருந்தப்போ மூணு, இங்க வந்தப்புறம் ஆறு. வீட்ல எத்தனையோ மாப்பிள்ளை பார்த்தாங்களாம். அசையவே இல்லையாம். எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சுங்க."

"ஏன், நீ எனக்காகக் காத்திருந்திருக்க மாட்டியா?"

வேதவல்லி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "நீங்க எங்க போனீங்க, காத்திருக்கறதுக்கு?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். சுந்தரராஜனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நோயாளிகளின் அன்பைப் பார்த்துப் பொறாமைப்படுவது மனித சுபாவம். பெண்டாட்டி காத்திருந்ததற்குப் பொறாமைப்படுவதையும் மன்னிக்கலாம். ஆனால் சுந்தரராஜன் அதையும் தாண்டிப் போனார். யாக்கோப்பின் சிறையைப் பார்த்தே அவருக்குப் பொறாமை வந்தது. அந்த மனிதரிடம் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது. தன் வாழ்க்கையில் கஷ்டம் என்று எதைச் சொல்வது? யோசித்து யோசித்துப் பார்த்தார். ஹீத்ரோவில் ஒருமுறை பெட்டி தொலைந்துபோனது. இறுதி ஆண்டில் குடல்வால் அறுவைச் சிகிச்சை. இரண்டையும் யாரிடமும் கதையாகச் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய அன்று ராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கையைத் தூக்கியபோது, வெளியே காரை நிறுத்திய இடத்தில் அபராதச் சீட்டு ஒட்டிவிடுவார்களோ என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது. யாக்கோப்புக்கோ அந்தச் சடங்கு முழுக் காவியம்.

"எனக்கு வாயே வரேல்லை அண்ணை," என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். "ஒரு அரசாங்கத்துக்குத் தலை குனிய மாட்டன் எண்டு உள்ளுக்க போனவன், இன்னொரு மகாராணிக்குச் சத்தியம் செய்யிறதோ? ஆஸ்பத்திரியில என்னோட வண்டி தள்ளின ஐரிஷ் கிழவர் ஒருத்தர் துணைக்கு வந்திருந்தவர். அவர்தான் காதுக்க சொன்னார், 'என்ர பாட்டன் கேட்டால் காறித் துப்பியிருப்பான். நீ சொல்லிப்போட்டு வா, உனக்கு வைத்தியம் படிக்க வேணும்' எண்டு."

சுந்தரராஜன் சிரித்தார். சிரித்துக்கொண்டே நினைத்தார்: இவனுக்கு அபராதச் சீட்டுக்கூட ஒரு கதையாகத்தான் கிடைக்கும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. யாக்கோப்பு ஞாயிறு தோறும் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போவார். பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவருக்கு வீட்டில் ஈரம், ஒருவருக்கு அரசாங்கம் தரும் பெனிபிட் பணம் நின்றுபோயிற்று, ஒருவருடைய பிள்ளைக்குப் பள்ளியில் இடம் இல்லை. அவர்களுக்காக அவர் உள்ளூர் கவுன்சிலுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் ஒரு கட்சியினர் வந்து, நீங்களே கவுன்சில் தேர்தலில் நில்லுங்கள் என்றார்கள்.

சுந்தரராஜனை அது அவ்வளவாகப் பாதித்திருக்காது. அவருக்கு அரசியல் ஆசை கிடையாது. ஆனால் பிரசாரத்தில் முன்னால் நின்றது அவருடைய மகள் சுப்ரியா. சட்டம் படித்துவிட்டு வாடகை வீட்டு வழக்குகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, யாக்கோப்பின் படம் போட்ட நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"உனக்கு ஏம்மா இந்த வேலை?"

"அப்பா, யாக்கோப்பு மாமா மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லப்பா. ஹி ஹாஸ் லிவ்ட், வாழ்ந்து பார்த்திருக்கார். நம்ம எல்லாம் சும்மா இருந்திருக்கோம்."

நம்ம எல்லாம் என்று அவள் மரியாதைக்குச் சொன்னாள். யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. இந்தப் பெண்ணை ஆறு மணிக்கு எழுப்பி, கணக்குச் சொல்லிக்கொடுத்து, நீச்சல் வகுப்புக்கு வெளியே குளிரில் உட்கார்ந்திருந்து வளர்த்தவர் அவர். அதெல்லாம் சும்மா இருந்த கணக்கில் போயிற்று.

தேர்தலுக்கு முந்தின வாரம் கோயில் மண்டபத்தில் வேட்பாளர்களின் கூட்டம். சுந்தரராஜன் முதல் வரிசையில், மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். கேள்வி நேரத்தில் எதிர்த் தரப்பு ஆள் ஒருவர் எழுந்தார். யாக்கோப்பு பயங்கரவாதச் சட்டத்தில் சிறையில் இருந்தவராமே, அப்படிப்பட்டவருக்கு நாம் ஓட்டுப் போடலாமா என்று கேட்டார். யாக்கோப்பு, தான் செய்தது பத்திரிகை எழுதியது ஒன்றுதான் என்றார். அவர் தன்னைப் பற்றித் தானே வேறு எப்படிச் சொல்ல முடியும்? கூட்டத்துக்குத் தலைமை வகித்த அம்மையார் முதல் வரிசையைப் பார்த்தார்.

"டாக்டர், நீங்கள் இவரோடு பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர். ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

சுந்தரராஜன் எழுந்தார். 'இவர் துப்பாக்கி தூக்கியவர் இல்லை, என் குடும்பத்தில் ஒருவர்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மண்டபம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் இவ்வளவு ஆவலாக அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் யாக்கோப்புக்காக!

"ஒரு மருத்துவராக அவரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை," என்றார். "இங்கே வருவதற்கு முன்னால் அவர் என்ன செய்தார், ஏது செய்தார் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பின் வரிசைகளில் முணுமுணுப்பு எழுந்தது. சுப்ரியா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை மட்டும் மடியில் இருந்த நோட்டீஸைக் கசக்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது மழை. வாசலில் யாக்கோப்பு குடையை விரித்துக்கொண்டு நின்றார். "வாங்கோ அண்ணை, நனையாதீங்கோ. கார் வரைக்கும் கொண்டுவந்து விடுறன்." அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. திட்டியிருந்தாலாவது சுந்தரராஜன் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார்.

சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் யாக்கோப்பு ஜெயித்தார். சுப்ரியா ஒரு மாதம் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் கவுன்சிலர் பதவி யாக்கோப்பை வாழவைக்கவில்லை. மூன்றாம் வருஷம் ஒரு சோதனை வந்தது. பழைய நூலகக் கட்டடத்தில் முதியோருக்கான பகல் நிலையம் ஒன்று இருந்தது. தமிழ்க் கிழடுகட்டைகள் எல்லாம் மத்தியானம் அங்கேதான் கூடும், தாயம் விளையாடும், வீட்டு மருமக்களைப் பற்றிப் பேசித் தீர்க்கும். கவுன்சிலில் பணம் இல்லை. அந்த நிலையத்தை மூடுவது, இல்லையென்றால் படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிகளுக்கு வீட்டுக்கு வரும் உதவியாளர்களைக் குறைப்பது என்று இரண்டே வழி. யாக்கோப்பு யோசித்து, மூடுவதற்குக் கையைத் தூக்கினார்.

ஊர் திரண்டு அவர் மேல் பாய்ந்தது. கோயில் மண்டபத்தில் அவர் வந்தால் ஆட்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். துரோகி என்ற சொல்லைக்கூட ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அவர்கள் ஊரில் என்ன கனம் என்று சுந்தரராஜனுக்கும் தெரியும்.

தவநாயகி அம்மாள் சர்ஜரிக்கு வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு நேராகச் சுந்தரராஜனின் அறைக்குள் நுழைந்தார்.

"இனி நான் உங்களிட்டத்தான் வாறன், டொக்டர். அவனிட்டப் போகமாட்டன்."

சுந்தரராஜனின் மனமெல்லாம் குளிர்ந்தது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கம்மா, உக்காருங்க. மூட்டுவலி எப்படி இருக்கு?"

"மூட்டை விடுங்கோ. அவன் இப்பிடிச் செய்வான் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. என்ர பிள்ளை மாதிரி எல்லோ வைச்சிருந்தனான். அந்த இடம் இல்லாட்டி நான் எங்க போறது? அவனுக்குத் தெரியாதே?" சொல்லிக்கொண்டே முந்தானையில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினார்.

இரத்த அழுத்தக் கருவியைக் கையில் பிடித்தபடி சுந்தரராஜன் நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் அவருடைய அறையில் அழுதது அன்றுதான், அதுவும் யாக்கோப்புக்காக. அந்த மனிதரை வெறுப்பதற்குக்கூட இவர்களுக்கு இவ்வளவு பாசம் வேண்டியிருக்கிறதே என்று நினைத்தார். தன்னை யாராவது வெறுத்ததுண்டா? நினைவுக்கு வரவில்லை.

அடுத்த தேர்தலில் யாக்கோப்பு தோற்றார். தோற்ற கையோடு சர்ஜரியிலிருந்தும் விலகி, பிறேமினியோடு மன்னாருக்குப் புறப்பட்டார். ஊரில் ஒரு சின்ன வைத்தியசாலையில் இலவசமாக வேலை பார்க்கப்போவதாகச் சொன்னார். சுந்தரராஜனுக்கு இப்போது சர்ஜரி முழுக்கச் சொந்தம். நோயாளிகள் எல்லோரும் அவருடையவர்கள். கொஞ்ச நாள் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு காலை டீக்கு எதிரே ஆள் இல்லாதது உறுத்தத் தொடங்கியது. அதை அவர் வேதவல்லியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு வருஷம் முடியுமுன்னே யாக்கோப்பு திரும்பி வந்துவிட்டார். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். இளம் டாக்டர்களுக்கு அவர் 'லண்டன் ஐயா'. அவர் எழுதிய பத்திரிகை யாருக்கும் நினைவில்லை. "என்ர ஊரில நான் விருந்தாளி, அண்ணை," என்றார். "கிழமைக்கு ரெண்டு நாள் இஞ்ச வேலை தர ஏலுமோ?" இளைத்திருந்தார். சுந்தரராஜன் மறு பேச்சில்லாமல் பழைய அறையையே கொடுத்தார்.

சரியாகிவிட்டது என்று நினைத்திருந்த வேளையில்தான் அந்த வார்டில் இடைத்தேர்தல் வந்தது. சுப்ரியா நிற்கப் போவதாகச் சொன்னாள். சொன்னது அப்பாவிடம் இல்லை. முதலில் யாக்கோப்பு மாமாவிடம் போய், நிற்கட்டுமா என்று கேட்டிருந்தாள். அந்தச் செய்தி வேதவல்லி வழியாகத்தான் சுந்தரராஜனுக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் சர்ஜரியின் சிறிய சமையலறையில் யாக்கோப்பு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சுந்தரராஜன் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு இன்னும் என்னதான் வேணும், யாக்கோப்பு? பேஷண்டையெல்லாம் எடுத்துக்கிட்டீங்க. நல்ல பேரை எடுத்துக்கிட்டீங்க. என் பொண்ணையும் எடுத்துக்கணுமா? அவ என்கிட்டக் கேக்க வேண்டியதை உங்ககிட்ட வந்து கேக்கறா!"

யாக்கோப்பு கோப்பையை வைத்தார். "அண்ணை, தகப்பனிட்டக் கேள் எண்டுதான் நான் அனுப்பினனான்."

"நீங்க அனுப்பி அவ வரணுமா? அதுக்கும் உங்க தயவா? என்னைக்கும் நீங்கதான் பெருந்தன்மை. நான் மண்டபத்துல உங்களைக் காலை வாரினேன், நீங்க குடை பிடிச்சீங்க. என்ன மனுஷன்யா நீங்க! ஜெயிலுக்குப் போனவருங்கறதால நாங்க எல்லாம் உங்களுக்குக் கீழயா?"

யாக்கோப்பின் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் சுந்தரராஜன் பார்க்காத முகம்.

"அந்தச் சிறைதான் உங்களுக்கு வேணுமோ? எடுங்கோ!" என்று கத்தினார். "முழுக்க எடுங்கோ! பக்கத்து அறையில என்ர கூட்டாளியை அடிக்கேக்க, அடுத்தது நான் இல்லை எண்டு சந்தோசப்பட்டன். தெரியுமோ? அவன் திரும்பி வரேல்லை. அதை ஆரிட்டயும் சொன்னதில்லை, பிறேமினியிட்டயும் சொன்னதில்லை. அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கோ. உங்கட எரிச்சல் எனக்கு முதல் வருசமே தெரியும், அண்ணை. தெரிஞ்சுதான் இருந்தனான். கிழட்டு வயசில படிச்ச ஒருத்தனுக்கு, உள்ளுக்க இருந்தவனுக்கு, வேற ஆரும் கதவு திறக்கேல்லை. நீங்கள் திறந்தனீங்கள். எரிஞ்சு எரிஞ்சுகொண்டே திறந்து வைச்சிருந்தனீங்கள். அது போதும் எண்டு இருந்தனான்."

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வெளியே வரவேற்பில் பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. சுந்தரராஜன் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் தடவையாக அந்தக் கதையில் பொறாமைப்பட ஒன்றும் அகப்படவில்லை. இந்த மனிதர் தன் முன்னால் இப்படிக் கத்தினாரே என்பது மட்டும், வெட்கத்துக்கு நடுவிலும், அவருக்கு எங்கோ இதமாக இருந்தது. வேறு யாரிடமும் யாக்கோப்பு இப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

"டீ ஆறுது," என்றார் சுந்தரராஜன், வேறு எதுவும் தோன்றாமல்.

"இன்னொண்டு போடுறன்," என்றார் யாக்கோப்பு. ஆறின டீயைத் தொட்டியில் ஊற்றினார்.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சுப்ரியா தேர்தலில் நின்றாள். முழங்கால் வலியோடு சுந்தரராஜனும் நோட்டீஸ் கொண்டுபோய்க் கதவு தட்டினார். ஒரு தெருவில் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் யாக்கோப்பு. எந்தப் பக்கத்தில் கதவுகள் அதிகம் திறக்கின்றன என்று அவர் கண் தானாகவே எண்ணியது. அதை அவரால் நிறுத்த முடியவில்லை. நிறுத்த வேண்டும் என்று பெரிதாக முயற்சி செய்யவும் இல்லை.

சுப்ரியா தோற்றுப்போனாள். மறுநாள் காலையில் கண் வீங்கி, அப்பா வீட்டுக்கு வந்தாள். சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் செய்த மாதிரி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எல்லாரையும் ஏமாத்திட்டேன்பா."

"போடி பைத்தியம். மொதல் தடவையிலயே இத்தனை பேர் போட்டிருக்காங்க." அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். மகள் தோற்றதில் அவருக்கு மெய்யாகவே துக்கம். இருந்தாலும் அழுவதற்கு அவள் இந்தத் தோளைத் தேடி வந்தாள் என்பதில் ஒரு சின்னச் சந்தோஷம், திருட்டுத்தனமாக, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மேஜை மேல் அவருடைய ஃபோன் அதிர்ந்தது. யாக்கோப்பு. எடுத்தார்.

"அண்ணை, பிள்ளை எப்பிடி இருக்கிறா? அவவின்ர ஃபோன் அடிச்சு அடிச்சு நிக்குது."

அவள் தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் சொல்லவும் நினைத்தார். பிறகு ஃபோனை மகளிடம் நீட்டினார்.

"இந்தா, யாக்கோப்பு மாமா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சுந்தரராஜன் எழுந்து, அவளுக்குக் காபி போட அடுப்படிக்குப் போனார்.